உள்ளான் பார்க்க எந்தக் கரை, எந்தக் கருவி? செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் இருப்பவருக்கு நீர்ப்பறவைகள் மேல் ஆசை வந்தால் உடனே இரண்டு கேள்வி எழும். எங்கே போவது, எதை வாங்குவது? யாரைக் கேட்டாலும் முதல் கேள்விக்குக் கோடியக்கரை என்பார்கள், இரண்டாவதற்கு 600 எம்.எம். லென்ஸ் என்பார்கள் (இந்த எம்.எம். எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை கிட்டே தெரியும்). இரண்டும் தவறான விடை இல்லை. ஆனால் இப்போதுதான் தொடங்குகிறவருக்கு, அதுவும் செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவருக்கு, நான் இந்த இரண்டையும் முதலில் சொல்ல மாட்டேன். தொண்டிக்கும் காரங்காட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரை, கையில் ஒரு பைனாகுலர், பிற்பகல் மூன்று மணி. இதுதான் என் தேர்வு. மற்றவற்றை ஏன் பின்னால் வைக்கிறேன், எந்தச் சூழ்நிலையில் அவை முன்னால் வரும் என்று விவரமாகப் பார்க்கலாம்.

அதற்கு முன், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். நீர் விளிம்பில் நடந்து இரை தேடும் பறவைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பூநாரை எல்லாம் பெரிய பறவைகள். தூரத்திலிருந்தே தெரியும், பெயர் சொல்லவும் அதிகச் சிரமம் இல்லை. உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) என்று விரியும் கூட்டம் வேறு; பெரும்பாலும் சிறியவை. இவற்றில் பெரும்பாலானவை புரட்டாசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகின்றன. கொசு உள்ளான் எடை 20 முதல் 30 கிராம்தான். அது முட்டையிடுவதோ ஆர்க்டிக் தூந்திரத்தில். நம் ஊரில் இருக்கும் மாதங்களில் இவை பழுப்பும் சாம்பலுமாக ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும். பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். இந்த ஒப்பீடு முக்கியமாக இந்த இரண்டாவது கூட்டத்தை மனதில் வைத்து எழுதியது. பூநாரையும் நாரையும் போதும் என்பவருக்குக் கணக்கு மாறும், அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கண்மாய்க் கரை

கடற்கரைக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது கண்மாய் எதற்கு என்று தோன்றலாம். உள்ளான் கூட்டத்தில் பாதிப் பாடத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே படித்துவிடலாம் என்பதால்தான். செட்டிநாட்டுக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, தை கழிந்ததும் இறங்கத் தொடங்கும். நிறைந்திருக்கும்போது உள்ளானுக்கு அங்கே வேலை இல்லை; அதன் கால் நீளத்துக்குள் தண்ணீர் இருந்தால்தான் அதனால் நிற்க முடியும். மாசி, பங்குனியில் நீர் சுருங்கிச் சேறு வெளியே வந்ததும் பொரி உள்ளான், நெடுங்கால் உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் வந்துவிடும். ஆள்காட்டி எப்போதும் அங்கேதான் இருக்கும், நம் தலையைப் பார்த்ததும் ஊரையே எழுப்பும்.

கண்மாயில் எனக்கு மிகவும் பிடித்தது, கரையில் சுற்றி நடந்து வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்பது. கடற்கரையில் அந்த வசதி கிடையாது. கரை மேட்டில் நின்று எடுத்தால் படம் மேலிருந்து கீழாக விழும், பறவை சேற்றோடு ஒட்டிப் போனதுபோல் இருக்கும். மடைப் பக்கம் இறங்கி உட்கார்ந்துவிட்டால் அந்தக் குறையும் தீரும். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் பொரி உள்ளான் தானாகவே கிட்டே வரும்.

பெரிய பறவைகள் மட்டும் போதும் என்றால் வேட்டங்குடியைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையை ஒட்டி, கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சேர்த்து 1977இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், இராக்கொக்கு எல்லாம் அங்கே கூடு வைக்கின்றன. பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இப்படிப்பட்ட மக்களின் ஊருக்குள் கேமராவோடு போகிறோம் என்ற மரியாதை நம்மிடம் இருக்க வேண்டும். கரையை விட்டு இறங்கிக் கூடு இருக்கும் மரங்களை நோக்கிப் போகவே கூடாது. கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம், மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். 300 எம்.எம். லென்ஸே அங்கே தாராளமாகப் போதும்.

கண்மாயில் கிடைக்காதவை என்று பார்த்தால், கோட்டான், கல்திருப்பி உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, ஆலா என்று கடலை நம்பியிருக்கும் கூட்டம். அதற்கு உப்புக்காற்று வீசும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும்.

தொண்டி முதல் காரங்காடு வரை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி ஏறத்தாழ 60 கி.மீ. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் நம்புதாளை, முள்ளிமுனை, காரங்காடு, உப்பூர், திருப்பாலைக்குடி என்று தேவிபட்டினம் வரைக்கும் கடலோர ஊர்கள் வரிசையாக வரும். இந்த வரிசையில் சேற்றுக்கரை, அலையாத்திக் காடு, உப்பளம் மூன்றும் இருக்கின்றன. உள்ளான் கூட்டத்துக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான். நீர் இறங்கியதும் சேற்றில் பரவி இரை தேடும், நீர் ஏறியதும் உப்பளத்துக்கோ மேடான திட்டுக்கோ போய்க் கூட்டமாக ஓய்வெடுக்கும்.

பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் (கடல் நீர் ஏறி நிற்பதற்கும் இறங்கி வற்றுவதற்கும்) உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால் அலைநேர அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் சரிவராது; காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்துச் சேறு வெளியே தெரிவதும் மறைவதும் மாறும். நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைப் பாருங்கள், அப்போதுதான் வித்தியாசம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதைவிட நல்ல வழி, வலை காயப்போடுகிறவரிடம் கேட்பது. "மூணு மணிக்கு மேலதான் தம்பி வத்தம். இப்பவே போயி வெயில்ல நின்னு என்ன செய்யப் போறீக?" என்று ஒருவர் சொன்னால் அது எந்தச் செயலியையும்விடத் துல்லியம்.

இங்கேதான் நான் மூன்று மணி என்று சொன்னதன் காரணம் வருகிறது. இந்தக் கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். பறவைகள் கரிய நிழல்களாக நிற்கும். சிவந்த காலோடு நிற்கும் பவளக்காலிக்கும் பச்சை கலந்த காலோடு நிற்கும் பச்சைக்காலிக்கும் வேறுபாடே தெரியாது. பிற்பகலில் அதே வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும். கால், அலகு, சிறகின் ஓரம் எல்லாம் துலங்கும். பறவை பார்க்க அதிகாலையில் போக வேண்டும் என்பது காட்டுக்குப் பொருந்தும் விதி. இந்தக் கரைக்குப் பொருந்தாது. வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்து ஒரு மணிக்குக் கிளம்பினால் போதும், இருட்டுவதற்குள் வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்குத் தேவகோட்டை வந்துவிடலாம். அரை நாளில் முடிகிற பயணம் என்பதால்தான் அடிக்கடி போக முடிகிறது. அடிக்கடி போனால்தான் உள்ளான் பிடிபடும்.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரி இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய் வழியாகப் போய்க் கடல் முகம் வரை கூட்டிப் போவார்கள். வேர்களுக்கிடையில் நிற்கும் கொக்கையும் மீன்கொத்தியையும் இவ்வளவு கிட்டே கரையிலிருந்து பார்க்க முடியாது. குடும்பத்தோடு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் படகைத்தான் பரிந்துரைப்பேன். உள்ளான் படம் எடுக்க மட்டும் என்றால் எனக்குக் கரைதான் பிடிக்கிறது. படகு ஆடும், இயந்திரச் சத்தம் கேட்டால் கூட்டம் எழும்பும், நமக்கு வேண்டிய கோணத்தில் நிறுத்தவும் முடியாது. படகில் போனால் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/1600 விநாடியைவிட மெதுவாக வைக்காதீர்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

உப்பளங்கள் தனியாருடையவை. பாத்தி வரப்பில் கால் வைக்கும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்க வேண்டும். வரப்பு உடைந்தால் அவர்கள் பிழைப்பு போகும். சாலையோரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளிருந்தே எடுப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. ஆளைப் பார்த்துப் பறக்கும் உள்ளான், காரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 17ஆம் நூற்றாண்டில் நகரத்தார் உப்பு வணிகம் செய்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அந்த வெள்ளைப் பாத்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

இந்தக் கரையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே வீச்சில் எழும்பும் காட்சியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. சில நாள் கூட்டமே இருக்காது. வாடைக்காற்று பலமாக அடிக்கும் மார்கழி நாட்களில் முக்காலியே நிற்காது. பார்வைக் கோபுரம், வழிகாட்டிப் பலகை போன்றவற்றை நம்பிக் கிளம்புகிறவருக்கும் இது ஏற்ற கரை இல்லை. ஆனால் ஒரே திட்டில் பவளக்காலி, கோட்டான், கொசு உள்ளான், உப்புக்கொத்தி என்று நான்கைந்து வகை பக்கம் பக்கமாக நிற்கும்போது அளவு, அலகு, நடை மூன்றையும் ஒப்பிட்டுப் பழக இதைவிட வசதி வேண்டியதில்லை. உப்புக்கொத்திக்குக் கண் பெரிது; ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் தையல் இயந்திர ஊசிபோல ஒரே இடத்தில் விடாமல் குத்திக்கொண்டே போகும், ஏனென்றால் அவை சேற்றுக்குள் இருக்கும் இரையை அலகு நுனியின் உணர்வால் தேடுகின்றன. நிறத்தை விட்டுவிட்டு இந்த நடையைப் பிடித்துக்கொண்டால் பாதி அடையாளம் முடிந்த மாதிரிதான்.

தனுஷ்கோடியும் கோடியக்கரையும்

இரண்டும் 150 கி.மீ.யைத் தாண்டும் தூரம். இரண்டுக்கும் ஒரு இரவு தங்க வேண்டும். ஆனால் இரண்டும் தரும் அனுபவம் முற்றிலும் வேறு.

தனுஷ்கோடிக்குப் பூநாரைக்காகப் போகலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியிலும் சாலையோர உப்புநீர்த் தேக்கங்களிலும் தை முதல் பங்குனி வரை பூநாரைகள் இறங்கும். 2025இல் தமிழ்நாடு அரசு இங்கே 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாப் பக்கத்தில் நண்டு தின்னி, சிப்பிபிடிப்பான் போன்ற அரியவற்றைக் காணும் வாய்ப்பும் உண்டு. சுற்றுலா வண்டிகள் அதிகம், விடுமுறை நாட்களில் இரைச்சல் தாங்காது, மாலைக்கு மேல் உள்ளே இருக்க அனுமதி இல்லை. மணல் காற்று எந்நேரமும் அடிப்பதால் அங்கே நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. போகிற வழியில் ராமநாதபுரத்தை ஒட்டி இருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய் தேர்த்தங்கலோடு சேர்த்து 2025இல் ராம்சர் பட்டியலுக்கு, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலுக்கு, வந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் நாரை, கரண்டிவாயன் எல்லாம் அதே பயணத்தில் முடியும். குழந்தைகளுக்குக் கடல், கோயில், புதிய பாம்பன் பாலம், பூநாரை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் பயணம் என்ற வகையில் இதுதான் முதலிடம். உள்ளானைக் கற்க இது இடம் இல்லை என்பது என் கருத்து. பறவைகள் பெரும்பாலும் தூரத்தில் இருக்கும், நிதானமாக உட்காரவும் விடமாட்டார்கள்.

கோடியக்கரை வேறு. 1967இல் சரணாலயமான இடம், 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமானது. ராம்சர் பரப்பு மட்டும் 38,500 ஹெக்டேர். வேதாரண்யம் சதுப்பும் உப்பளங்களும் சேர்ந்து, மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகளுக்கு முக்கியமான குளிர்கால இடமாக இருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்வு செய்து வருகிறது. உள்ளான் கூட்டங்கள் 1980களில் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்பதும் அந்த ஆய்வுகளிலிருந்தே தெரியவருகிறது. உலக அளவிலும் இதே நிலைதான். 2024இல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியவை என்ற நிலைக்கு மாற்றினார்கள். நம் கரையில் சாதாரணமாகப் பார்க்கும் பறவைகள் இவை. இதை அறிந்த பிறகு, பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டி, கல் எறிந்து கூட்டத்தை எழுப்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. பங்குனி வாக்கில் அவை வடக்கே திரும்பும் பயணத்துக்காக ஒவ்வொரு துளிக் கொழுப்பையும் சேர்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை வீணாகப் பறப்பதும் அந்தச் சேமிப்பிலிருந்து போகிறது.

காரில் போனால் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழி. ரயிலை விரும்புகிறவருக்குக் காரைக்குடி - திருவாரூர் பாதையில் திருத்துறைப்பூண்டி வரை போய், அங்கிருந்து 2023இல் மறுபடி திறந்த அகஸ்தியம்பள்ளி பாதையில் வேதாரண்யம் போகலாம். நேரம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு. சதுப்பு பெரும்பாலும் சாலைக்கு மேற்கே விரிவதால் இங்கே காலை வெயில் நமக்குச் சாதகம். விடியும்போது அங்கே இருக்க வேண்டும் என்றால் முதல் நாளே வேதாரண்யத்தில் தங்கியாக வேண்டும். நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம், எந்தப் பகுதிக்கு அனுமதி என்பதையெல்லாம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். உப்பு நிறுவனங்களின் பாத்திகளுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது.

பரப்பு பெரிது என்பதுதான் கோடியக்கரையின் பெருமை, தொடக்கக்காரருக்கு அதுவே சிரமமும். கூட்டம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு சாம்பல் கோடாக நிற்கும். ஒன்பது மணி தாண்டிவிட்டால் சேற்றின் மேல் கானல் எழும்பும். எவ்வளவு பெரிய லென்ஸாக இருந்தாலும் படம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் நெளியும். ஸ்கோப் என்ற ஒற்றைக்கண் தொலைநோக்கி இல்லாமல், வகைகளைப் பழகாமல் அங்கே போனால் பூநாரையையும் வெளிமானையும் பார்த்துவிட்டு வரலாம், உள்ளானைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. முதலில் ஒரு பருவம் முழுக்கக் கண்மாயிலும் தொண்டிக் கரையிலும் பழகிவிட்டு, அடுத்த தை மாதம் கோடியக்கரை போனால் அதன் அருமை முழுதாகப் புரியும். அந்த நிலைக்கு வந்தவருக்கு நான் சொன்ன இடங்களில் கோடியக்கரைக்கு ஈடு எதுவும் இல்லை.

முத்துப்பேட்டையையும் கேட்பார்கள். ஜாம்பவானோடையிலிருந்து படகில் போகும் அலையாத்திக் காடும் காயலும் அழகானவை. 2018 கஜா புயலில் அடிபட்ட காடு. உள்ளானுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவதென்றால், இன்னும் கொஞ்சம் போய்க் கோடியக்கரையையே பார்த்துவிடலாம்.

கருவி எது?

பணத்தை எதில் போடுவது என்ற கேள்வியில் என் வரிசை இது: முதலில் பைனாகுலர், அடுத்து பயணச் செலவு, அதற்கும் அடுத்துதான் கேமரா.

பைனாகுலரில் 8×42 எடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று கடைக்காரர் சொல்வார். கடற்கரைக் காற்றில் கை ஆடும், பத்து மடங்கில் அந்த ஆட்டமும் பத்து மடங்கு தெரியும். எட்டில் பார்வைப் பரப்பும் அகலம், ஓடிக்கொண்டே இருக்கும் உப்புக்கொத்தியைப் பின்தொடர அது உதவும். பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்திலேயே கௌரவமான பைனாகுலர் கிடைக்கிறது.

ஸ்கோப் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும். பெரிய சேற்றுப்பரப்பில் உள்ளான்களைப் பிரித்தறிய இதற்கு ஈடு இல்லை. ஆனால் கனமான முக்காலி வேண்டும், சுமக்க ஆள் வேண்டும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது நல்ல யோசனை, ஏனென்றால் ஒருவர் கூட்டத்தைக் கண்டுபிடித்து வைத்துவிட்டால் மற்றவர்கள் வரிசையாகப் பார்க்கலாம். வயதான அப்பச்சி, ஆச்சிக்குக்கூட அதில் காட்டிவிடலாம். கைப்பேசியை அதன் கண்வில்லையில் பொருத்தும் பிடிமானமும் கிடைக்கிறது, சான்றுக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்குப் படமும் வரும்.

கேமராவில் உண்மையான போட்டி, லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவுக்கும் லென்ஸ் மாற்றும் கேமராவுக்கும் இடையேதான். நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமரா ஒரு கிலோ எடைதான். 24 முதல் 2000 எம்.எம்.க்குச் சமமான எட்டம், 83 மடங்கு. இவ்வளவு தூரத்தை லென்ஸ் மாற்றும் கேமராவில் எட்ட வேண்டும் என்றால் சொத்தை விற்க வேண்டியிருக்கும். சேற்றில் நிற்கும் பறவையை நல்ல வெயிலில் எடுக்க இது பிரமாதம். குறை எங்கே வரும் என்றால், ஒளியைப் படமாக்கும் உணரி (சென்சார்) மிகச் சிறியது. ஆறு மணி மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். பறக்கும் கூட்டத்தைக் குவியத்தில் பிடிப்பதும் கடினம்.

லென்ஸ் மாற்றும் கேமராவோடு 150-600 எம்.எம். ஜூம் வைத்தால் பறக்கும் படம், மங்கல் வெளிச்சம், பின்னணி மிருதுவாகக் கரைவது எல்லாம் கைக்கு வரும். லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்கு முன்பின், விலை கேமராவோடு சேர்த்து லட்சத்தைத் தாண்டும். தோளில் மாட்டிச் சேற்றோரம் இரண்டு மணி நேரம் நடக்க முடியுமா என்று யோசித்து வாங்குங்கள். சுமை தாங்காது என்பவருக்குக் கேனனின் ஆர்.எஃப். 100-400 நல்ல இடைவழி, 635 கிராம்தான். எட்டம் குறையும், அதைப் பொறுமையால் ஈடுகட்டலாம்.

படத்துக்கு மூன்று விஷயம் எந்தக் கருவியானாலும் பொருந்தும். தரையோடு தரையாகத் தாழ்ந்து எடுப்பது, பறக்கும் பறவைக்கு 1/2000 விநாடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர், வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) கொஞ்சம் குறைப்பது. கொக்கின் இறகு வெளுத்துப் போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பாகத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். உப்பு ஒரே இரவில் வேலையைக் காட்டாது, ஒரு வருடத்தில் காட்டும்.

ஆக, கையில் பத்தாயிரம் இருந்தால் பைனாகுலரும் தேவகோட்டை வழி பஸ்ஸும். எண்பதாயிரம் வரை இருந்தால் பைனாகுலரோடு பிரிட்ஜ் கேமரா. பறக்கும் பறவைதான் உயிர் என்பவர் மட்டும் பெரிய லென்ஸுக்குப் போகலாம், அதுவும் ஒரு பருவம் கரையில் கழித்த பிறகு.

பிரிட்ஜ் கேமராவை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உள்ளான்களின் காலில் உலோக வளையத்தோடு நிறக் கொடிகளையும் மாட்டி விடுகிறது, மற்ற நாட்டு ஆய்வாளர்களும் இப்படிச் செய்கிறார்கள். சில கொடிகளில் எழுத்தும் இருக்கும். 2000 எம்.எம். எட்டத்தில் அந்த எழுத்தைப் பல நேரம் படித்துவிடலாம். அப்படி ஒரு பறவை கிடைத்தால் அழகான படம் பற்றிக் கவலைப்படாமல் கால் தெளிவாகத் தெரியும்படி பல படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடியின் நிறம், எழுத்து, இடது காலா வலது காலா, முட்டிக்கு மேலா கீழா, இடம், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கழகத்துக்கு அனுப்பினால், எந்த ஆண்டு எங்கே வளையமிட்ட பறவை என்ற விவரம் அங்கிருந்து திரும்பி வரும்.